பார்வையாளர் இல்லை

புகார் கொடுப்பதற்காகச் சவரிமுத்து மூன்று நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். போனில் மனிதக் குரல் ஒன்று கேட்டதும் அத்தனையும் மறந்துபோய், "உங்க படம் தப்புத் தப்பாப் பேசுதுங்க" என்று மட்டும் சொன்னார்.

"எந்தப் படம் சார்?"

"நெட்டையன். கார்ட்டூன் படம். ஒரு கலங்கரை விளக்கம் எந்திரிச்சு நடந்து போகும்."

"தப்புன்னா எப்படி சார்?"

"அதுல இல்லாத வசனத்தையெல்லாம் என் பொண்ணு சொல்றா."

படத்தில் இல்லாத வசனத்தைப் பெண் சொன்னால் அது யார் குற்றம் என்று அந்த ஆளுக்கும் பிடிபடவில்லை போலிருக்கிறது. நாளைக்கு ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

சவரிமுத்து ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சி பொன்மலைப்பட்டியில் இரண்டாவது மாடி வீடு. மனைவி ஸ்டெல்லா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் அவரும் மகள் ஜெசிந்தாவும்தான். சிந்தாவுக்கு இருபத்து நாலு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். தானாக ஒரு வாக்கியம் பேசமாட்டாள். ஆனால் ஆறாவது வயதில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த 'நெட்டையன்' டிஸ்க்கைப் போட்டுப் பார்த்ததிலிருந்து அவளுக்கு வாய் திறந்தது. படத்தின் வசனங்களால் பேச ஆரம்பித்தாள். அன்றிலிருந்து பதினெட்டு வருஷமாகத் தினமும் அதே படம்.

கதை பெரிய கதை ஒன்றுமில்லை. பன்னிரண்டு படகுகள் கடலுக்குப் போகும், பதினொன்றுதான் திரும்பும். கரையில் நிற்கும் நெட்டையன் என்ற கலங்கரை விளக்கம் காலை மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டு, காணாமல் போன படகைத் தேடிக் கடலுக்குள் இறங்கிவிடும். அதன் விளக்கறையில் நொய் என்ற குட்டி நண்டு ஒன்று உட்கார்ந்துகொண்டு ஓயாமல் பேசிக்கொண்டே வரும்.

எழுதாத சம்பவம் நடக்காத சம்பவம் என்பது சவரிமுத்துவின் இலாகாவில் சட்டம். ஆகவே அவர் ஒரு நீள ரெஜிஸ்டர் வாங்கி, நாலு பத்தி கோடு போட்டார். தேதி, நேரம், வசனம், அர்த்தம். 'விளக்குக்கு எண்ணெய் ஊத்து' என்றால் பசி. 'என் கால்ல மணல் ஒட்டுது' என்றால் தொடாதே, அல்லது புதுத்துணி உறுத்துகிறது. 'அலை ஏறுது' என்றால் சத்தம் தாங்கவில்லை. 'நங்கூரத்தைப் போடு' என்றால் நிறுத்து, போதும். 'கரை தெரியுது' என்பது எப்போதாவது வரும். அதற்கு எதிரே 'சந்தோஷம்' என்று எழுதியிருந்தார்.

இந்த அகராதியை வைத்துக்கொண்டு அவர்கள் நன்றாகவே வாழ்ந்தார்கள். தெருமுனை பேக்கரிக்காரருக்கே பாதி வசனம் பாடம். சிந்தா கடை வாசலில் நின்று "விளக்குக்கு எண்ணெய் ஊத்து" என்று சொன்னால், வேறெதுவும் கேட்காமல் ஒரு பன் பட்டர் ஜாமை எடுத்து நீட்டுவார். மாதா கோயிலில் மைக் அலறும்போது அவள் "அலை ஏறுது" என்றால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து வழி விடுவார்கள்.

எல்லாம் நாலு மாதத்துக்கு முன்பு டிஸ்க் மிஷின் மண்டையைப் போடும்வரைக்கும்தான். அதை ரிப்பேர் பண்ண ஊரில் ஆளே இல்லை. சவரிமுத்து பெரிய டிவி ஒன்று வாங்கி, மாதச் சந்தா கட்டி, அதில் நெட்டையனைத் தேடிப் பிடித்தார். முதல் நாள் காலையில் சிந்தா கடைசிவரை பார்த்துவிட்டுக் கை தட்டினாள். அவருக்கு உயிர் வந்தது.

பிறகு இரண்டு மாதமாகத்தான் இந்தக் கூத்து.

ஒரு சாயங்காலம் சிந்தா, "உள்ள தண்ணி புகுந்துடுச்சு, நெட்டையா" என்றாள். ரெஜிஸ்டரில் இல்லாத வசனம். சவரிமுத்து மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் அர்த்தப் பத்தியில் 'காது?' என்று எழுதி, அவளைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, காது கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றார். அடுத்த வாரம் "அடியில விரிசல் விட்டிருக்கு" என்றாள். அவள் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, தினமும் குதிகாலில் விளக்கெண்ணெய் தடவினார். திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டர் வீட்டுக்கு வந்திருந்த அன்று, "பாறைக்குத் தூக்கம் வருது" என்றாள். தூக்கம் என்று எழுதி, அவளை ஏழு மணிக்கே படுக்கவைத்தார். அவள் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

போன வாரம் வந்ததுதான் அவரைத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னை எந்தக் கரையில எறக்கப் போற?"

'பஸ்ஸில் போக ஆசை' என்று எழுதினார். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் அங்கிருந்து திரும்பவும் ஒரு சுற்று கூட்டிப்போனார். ஆனால் அது பஸ் விஷயம் இல்லை என்று எழுதும்போதே அவருக்குத் தெரியும். அவர் மறைத்து வைத்திருந்த விஷயத்தை அவள் யாரும் சொல்லாமலே சொல்லிவிட்டாள்.

விஷயம் இதுதான். அவருடைய இதயத்தில் ஒரு வால்வு கசிகிறது. அடுத்த மாதம் ஆபரேஷன் செய்தாக வேண்டும், அறுபத்து ஒரு வயதில் உறுதி எதுவும் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வீட்டுக்கு வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. சொந்தத் தங்கையிடம்கூட. தனியாகவே போய், திண்டுக்கல் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் ஓர் இல்லத்தில் சிந்தாவுக்கு இடம் பேசி, கையெழுத்துப் போட்டுவிட்டார். சிஸ்டர் அமலோற்பவம் ஒருமுறை வந்து சிந்தாவைப் பார்த்துவிட்டும் போனார். வருகிற பதினைந்தாம் தேதி சேர்க்க வேண்டும். சிந்தாவிடம் வேளாங்கண்ணி போகிறோம் என்று சொல்லியிருந்தார். புதுச் செருப்பு வாங்குவதானால்கூட அவளுக்கு ஒரு மாதம் முன்பே காலண்டரில் குறி போட்டுக் காட்டவேண்டும். அது அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. இருந்தும் சொல்லவில்லை. அதற்குக் கோழைத்தனம் என்று பெயர். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இல்லத்தில் அவளுக்கு வாய் என்று இருக்கப்போவது இந்த ரெஜிஸ்டர் ஒன்றுதான். அதை முழுக்க நகல் எடுத்து சிஸ்டருக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். இந்த நேரம் பார்த்துப் படம் தாறுமாறாகிவிட்டால், அவள் பசி என்று சொல்வது அங்கே யாருக்கு விளங்கும்? அதனால்தான் புகார். படத்தைப் பழையபடி ஆக்கிக் கொடுங்கள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை வந்தவள் வஹிதா பானு. முப்பது வயது இருக்கும். கையில் டேப்லெட், தோளில் கம்பெனிப் பை. உட்காருங்க என்றதற்கு உட்காராமல், டிவியை நாலு பக்கமும் பார்த்தாள். டிவிக்கு எதிரே கிடந்த நாற்காலிக்கு இடதுபக்கம் தரையில் சிந்தா முறத்தை மடியில் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை அவளைப் போலச் சுத்தமாக யாரும் செய்ய முடியாது.

"சார், இதெல்லாம் நெகிழ்படம். ஜனங்க அட்ஜஸ்ட் படம்பாங்க" என்றாள் வஹிதா. "டிவி மேல சின்னதா ஒரு கண்ணு இருக்கு பாருங்க. எதிர்ல உக்காந்திருக்கறவங்க மொகத்தையே பாத்துக்கிட்டிருக்கும். போரடிச்சா சீனைச் சுருக்கும். பயந்தா பேயைச் சின்னதாக்கும். மனசுல ஏதாவது பாரம் இருந்தா கதையே அந்தப் பக்கம் சாயும்."

"என்னைக் கேக்காமலா?"

"மொத நாள் ஒரு கட்டம் வந்திருக்குமே. சம்மதம்னு அமுக்கியிருப்பீங்க."

"வந்துச்சு. என்னமோன்னு அமுக்கினேன்."

"எல்லாரும் அப்படித்தான் சார்."

"அப்ப ரெண்டு பேரு ஒரே படத்தைப் பாத்தோம்னு சொல்லவே முடியாதா?"

"எங்க வீட்லயே சண்டை. ஒரு படத்துல ஹீரோ செத்துட்டான்னு எங்க அத்தா. கல்யாணம் முடிஞ்சு ஊட்டிக்குப் போயிட்டான்னு எங்க அம்மா. தனித்தனியா பாத்தாங்க. இன்னமும் பேசிக்கிறதில்ல."

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப என் பொண்ணு மொகத்தைப் பாத்துத்தான் இப்படி மாத்துதா? அவளுக்கு என்ன பாரம்?" என்று கேட்டார். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

வஹிதா டேப்லெட்டில் பதிவைத் திறந்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"சார், இந்த வீட்ல படம் பாக்குறது நீங்க ஒருத்தர்தானா?"

"நானா? நல்லாக் கேட்டீங்க போங்க. நான் அந்தப் படத்தைப் பாத்தே பத்து வருஷம் ஆச்சு. சாயங்காலம் ஆறரைக்கு இவ என்னை இழுத்துட்டு வந்து நாற்காலில உக்கார வைப்பா. நான் காது மிஷினைக் கழட்டி வச்சுட்டுச் சும்மா உக்காந்திருப்பேன். பக்கத்துல இவ பேசினா மட்டும் கேக்கும். பாக்குறதெல்லாம் இவதான்."

அவர் சொன்னது உண்மை. அந்த நேரம்தான் ஒரு நாளில் அவர் யாருக்காகவும் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ளத் தேவையில்லாத நேரம். டிவி பக்கம் பார்த்தபடி, கசிகிற வால்வையும் பதினைந்தாம் தேதியையும் நினைத்துக்கொண்டிருப்பார்.

"இங்க அப்படி இல்ல சார். பாருங்க. சாயங்காலம் ஆறரை மணி, பார்வையாளர் ஒன்று. ஆண், அறுபது வயசு சுமார். தெனமும் இதேதான். அந்த ஆளு மொகத்துக்குத்தான் படம் மாறியிருக்கு. காலைல பத்து மணிக்கும் தெனம் ஓடியிருக்கு. அதுல..." அவள் நிறுத்தினாள்.

"அப்ப நான் மார்க்கெட் போயிருப்பேன். இவ தனியா பாப்பா. அதுல என்ன?"

வஹிதா டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். வரிசையாக எல்லா நாளுக்கும் ஒரே வரி.

பார்வையாளர் இல்லை.

சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "இல்லைன்னா? இவ உக்காந்திருக்காளே."

"அதுக்கு மொகம் பாக்கக் கத்துக்கொடுத்தவங்க லட்சக்கணக்கான மொகத்தைக் காட்டியிருப்பாங்க சார். சிரிக்கறது, அழுவறது, முழிக்கறது. எல்லாம் ஒரு மாதிரி மொகங்க. அப்படி வெளில காட்டாத மொகம் அதுக்கு மொகமாவே தெரியாது. சோபா, சொவரு மாதிரி நெனச்சுக்கும்."

சவரிமுத்து விருட்டென்று எழுந்தார். "பதினெட்டு வருஷமா தெனம் பாக்குறா. ஒலகத்துலயே இந்தப் படத்தை இவளைவிட ரசிச்சவ ஒருத்தி இருந்தா வரச்சொல்லுங்க. இவ சொவரா? எவன் எழுதினான் இதை?"

"நான் எழுதல சார்" என்றாள் வஹிதா மெல்ல. "ஆனா எனக்குச் சம்பளம் தர்ற எடம் எழுதியிருக்கு. மன்னிச்சுக்குங்க."

அவள் அப்படிச் சொன்னதும் அவருக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தார். வஹிதா பதிவைப் புரட்டிக்கொண்டே போனாள். காலைப் படத்துக்கு முகம் இல்லாததால் அட்ஜஸ்ட் செய்ய ஒன்றுமில்லை. பழைய படம் அப்படியே, ஒரு மணி முப்பத்து நாலு நிமிஷம், கடைசிவரை ஓடியிருக்கிறது. சாயங்காலப் படம் மட்டும் இரண்டு மாதமாக ஒரு மணி பதினோராவது நிமிஷத்தில் நின்றுபோகிறது.

"யாரு நிறுத்துறது சார்?"

"இவதான். நங்கூரத்தைப் போடும்பா, ரிமோட்டை அமுக்கிடுவா. அசதின்னு எழுதி வச்சிருக்கேன்." அவர் பேந்தப் பேந்த விழித்தார். "எனக்கு ஒண்ணும் வெளங்கலம்மா. மாறினது எனக்காக. நான் அதைப் பாக்கவே இல்ல. இவளுக்கு அது மாறவே இல்ல. ஆனா மாறின வசனத்தைச் சொல்றது இவ."

வஹிதா பதில் சொல்வதற்குள் சிந்தா முறத்தைக் கீழே வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து, வஹிதாவின் சட்டைக் கைநுனியை இரண்டு விரலால் பிடித்து நாற்காலிப் பக்கம் இழுத்தாள்.

"உக்காருங்க, இல்லாட்டி விடமாட்டா" என்றார் சவரிமுத்து. "வீட்டுக்கு யாரு வந்தாலும் இந்த நாற்காலிதான். என் தங்கச்சி, பால்காரரு, அன்னிக்கு வந்த சிஸ்டரு. ஸ்டெல்லா இருந்தா இப்படித்தான் உபசரிப்பா, அதைப் பாத்துக் கத்துக்கிட்டான்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்."

வஹிதா உட்கார்ந்தாள். சிந்தா படத்தைப் போட்டுவிட்டுத் தரையில் தன் இடத்தில் உட்கார்ந்து மறுபடி பூண்டை எடுத்தாள். சவரிமுத்து டிவிக் கண்ணின் பார்வைக்கு வெளியே, சமையலறைக் கதவோரம் நின்றார். வெகு காலத்துக்குப் பிறகு காதில் மிஷினோடு அந்தப் படத்தைக் கேட்டார்.

நெட்டையன் படகுகளை எண்ணுகிற காட்சி வந்தது. பதினொன்று. இனி ஒரு பெருமூச்சு விட்டு மணலிலிருந்து காலைப் பிடுங்க வேண்டும். பிடுங்கவில்லை. மறுபடி முதலிலிருந்து எண்ணியது. பதினொன்று. இன்னொரு தடவை எண்ணியது. நண்டு விளக்கறையிலிருந்து எட்டிப் பார்த்து என்னவோ சொன்னது. சொல்லி முடித்ததும், கையில் இருந்த பூண்டுப் பல்லைப் பார்த்தபடி, சிந்தா அதையே வஹிதாவுக்குச் சொன்னாள்.

"எண்ணிக்கிட்டே இருந்தா படகு சீக்கிரம் வந்துடாது."

வஹிதாவின் கை மடியில் கிடந்த போனின் மேல் அப்படியே நின்றது.

"விடியக்காலைல என் தங்கச்சிக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரில சேத்திருக்கு சார். மொதப் பிரசவம். இன்னும் போன் வரல. இங்க வந்ததுலேர்ந்து இருபது தடவை எடுத்துப் பாத்திருப்பேன்." பிறகு அவள் சிந்தாவையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள். "யா அல்லா. சார், இவங்க ரெண்டையும் வச்சுப் பாக்குறாங்க. காலைல அசல் படம். அது இவங்களுக்குத் தலைகீழாப் பாடம். அப்புறம் நாற்காலில ஒரு ஆளை உக்கார வச்சு அதே படம். எந்த எடத்துல மாறுதோ, அதான் அந்த ஆளு."

சவரிமுத்து உள்ளே போய் ரெஜிஸ்டரைக் கொண்டுவந்தார். வஹிதா வாங்கிப் புரட்டினாள். நாலு பத்தியையும் விரலால் கடந்துவிட்டு, "இதுல நீங்க எங்க சார் இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"நானா? நான் எழுதுறவன்ல."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. 'உள்ள தண்ணி புகுந்துடுச்சு, நெட்டையா.' தேதியைப் பார்த்தார். வால்வு கசிகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டு அவர் வீடு திரும்பிய அதே நாள். 'பாறைக்குத் தூக்கம் வருது.' அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தது சிஸ்டர் அமலோற்பவம். இரண்டு நாளாகக் கண்மூடவில்லை என்று காப்பி குடிக்கும்போது அந்தம்மாவே சொல்லியிருந்தார். 'அடியில விரிசல் விட்டிருக்கு.' அதற்குத்தான் அவர் பெண்ணின் குதிகாலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக அவள் அவரை வாசித்து அவரிடமே சொல்லியிருக்கிறாள். அவர் அதையெல்லாம் அவளுடைய வியாதியாக எழுதியிருக்கிறார். வெட்கத்தில் அவருக்கு முகம் எரிந்தது.

அப்போது வஹிதாவின் போன் அடித்தது. அவள் பாய்ந்து எடுத்தாள். "பொம்பளப் புள்ளையா? நல்லாயிருக்காளா?" என்று கத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சவரிமுத்து அடுக்களைக்குப் போய் ஒரு ஸ்பூன் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தார்.

பையை மாட்டிக்கொண்டதும் அவள் தயங்கி நின்றாள். "நீங்க கேட்டது ஒரே அமுக்கு சார். பூட்டிட்டா சாயங்காலமும் பழைய படம்தான் வரும். பூட்டவா?"

அவர் வாயைத் திறந்தார். பூட்டு என்று சொல்லத்தான் மூன்று நாள் ஒத்திகை. பூட்டிவிட்டால் ரெஜிஸ்டர் சரியாக இருக்கும். பதினைந்தாம் தேதி சரியாக நடக்கும். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"வேணாம்மா."

"சரி சார். அந்த 'பார்வையாளர் இல்லை' விஷயம், அதை நான் ஆபீஸ்ல கண்டிப்பா எழுதிக் கொடுக்கறேன். அது அநியாயம். சரி பண்ணச் சொல்றேன்." வாசல்வரை போனவள் சட்டென்று திரும்பினாள். "ஆனா சார், சரி பண்ணிட்டா காலைப் படமும் இவங்களுக்கு ஏத்த மாதிரி மாற ஆரம்பிச்சிடும். அசல் படம்னு ஒண்ணு இவங்ககிட்ட இருக்காது. எதோட ஒப்பிட்டுப் பாப்பாங்க?"

சவரிமுத்து சிந்தாவைப் பார்த்தார். அவளைச் சுவர் என்று எழுதிவைத்த அந்த அவமானம்தான் அவளுடைய படத்தைக் கலையாமல் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. அதை நீக்கு என்று சொன்னாலும் தப்பு, நீக்காதே என்று சொன்னாலும் தப்பு. இப்படி ஒரு சந்தியில் எந்த சிக்னலைப் போடுவது என்று நாற்பது வருஷ சர்வீஸில் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இப்ப எழுதாதீங்க" என்றார் கடைசியில். "இல்லைன்னே இருக்கட்டும். நான் சொல்லும்போது எழுதுங்க. மாத்தலாமா வேணாமான்னு என்னைவிட அவதான் சொல்லணும், அதை அவகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

சாயங்காலம் ஆறரைக்குச் சிந்தா வந்து சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். நாற்காலி இன்று பல் பிடுங்குகிற டாக்டர் வீட்டு நாற்காலி போல இருந்தது. காது மிஷினைக் கழற்றப் போன கையைக் கீழே இறக்கிக்கொண்டார். பிறகு, எத்தனை வெட்கப்பட்டாலும் மனுஷ புத்தி போகுமா, முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டார். சந்தோஷமான மனுஷன் உட்கார்ந்திருக்கிறான் என்று படம் நினைத்துக்கொள்ளட்டும், அவளும் நிம்மதியாக இருக்கட்டும் என்று கணக்கு.

பத்து நிமிஷம் போயிருக்கும். படத்தில் நெட்டையன் எங்கிருந்தோ ஒரு வாளி சுண்ணாம்பைக் கொண்டுவந்து தன் உடம்பெல்லாம் பூசிக்கொள்ள ஆரம்பித்தது.

"சுண்ணாம்பு அடிச்சா விரிசல் போயிடுமா, நெட்டையா?" என்றாள் சிந்தா.

அவர் ஐந்தடி மூன்றங்குலம். ஊரில் யாரும் அவரை நெட்டையன் என்று கூப்பிட்டதில்லை. அது வசனத்தில் வருகிற பெயர் என்றுதான் இத்தனை நாளும் விட்டுவிட்டிருந்தார். அவள் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வைத்திருந்த சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை.

"சிந்தா" என்றார். "பதினஞ்சாம் தேதி வேளாங்கண்ணி இல்லம்மா. அப்பா பொய் சொன்னேன். அப்பாவுக்கு நெஞ்சுல வால்வு கசியுது. ஆபரேஷன் பண்ணணும். பொழச்சு வந்தாலும் வருவேன், வராமலும் போயிடலாம். அன்னிக்கு வந்தாங்களே அந்த சிஸ்டரு, அவங்க எடத்துல உன்னைக் கொண்டுபோய் விடலாம்னு கையெழுத்துப் போட்டுட்டேன். உன்னைக் கேக்கல. கேக்கப் பயமா இருந்துச்சு."

சிந்தா முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறும் என்று எதிர்பார்க்க அவர் அந்த டிவி இல்லை. அவள் பூண்டு உரிப்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள். அவர் அழுதார். ஸ்டெல்லா போனபோதுகூட வீட்டில் பெண் மிரண்டுவிடுவாள் என்று அழாமல் இருந்தவர், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். கண்ணீர் வழியாகப் படம் என்ன காட்டுகிறது என்று சரியாகத் தெரியவில்லை. நெட்டையன் நடப்பதை நிறுத்திவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டது. ஒரு கலங்கரை விளக்கம் உட்காரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

படம் தொடங்கி ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. பதினொன்று. சிந்தாவின் கையில் ரிமோட் இருந்தது. அவள் அமுக்கவில்லை.

பன்னிரண்டாவது நிமிஷத்தில் நெட்டையனும் நண்டும் ஒரு கரைக்கு வந்தார்கள். இரண்டு மாதமாக அவள் வரவிடாமல் நிறுத்திய இடம் இதுதான்; நெட்டையன் நண்டை இறக்கிவைத்துவிட்டுப் போகும் என்று அவர் பயந்தார். போகவில்லை. கீழே குனிந்து விளக்கைப் பிடித்தது. நண்டு அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு வளையாக உள்ளே போய்ப் பார்த்து வந்தது. இது சரியில்லை, அது சரியில்லை என்று சொல்லிக்கொண்டே அடுத்த வளைக்குப் போனது. பார்த்து முடிப்பதற்குள் படம் முடிந்துவிட்டது.

சவரிமுத்து அங்கேயே உட்கார்ந்து சிஸ்டருக்குப் போன் போட்டார். "பதினஞ்சாம் தேதி சேக்க வரல சிஸ்டர். அதுக்கு முன்னாடி ஒருநாள் நானும் அவளும் சும்மா பாக்க வர்றோம். ஒவ்வொரு ரூமா அவளே பாக்கட்டும். டிவியையும் ஒரு நாற்காலியையும் வண்டில ஏத்திக்கிட்டு வருவோம். உங்க ஆளுங்க ஒருத்தர் விடாம இழுத்து உக்கார வைப்பா, கோவிச்சுக்காதீங்க." சிஸ்டருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அடுத்து தங்கைக்குப் போட்டு, வால்வைப் பற்றிச் சொன்னார். அவள் இரண்டு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கால் மணி நேரம் திட்டினாள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

போனை வைத்தபோது சிந்தா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"கரை தெரியுது" என்றாள்.

பழக்கதோஷம். கை தானாக ரெஜிஸ்டரைத் திறந்தது. தேதி போட்டார். நேரம் எட்டு இருபது என்று போட்டார். வசனத்தை எழுதினார். நாலாவது பத்தியில் பேனா நின்றது. சந்தோஷம் என்று எழுதலாமா? யாருடைய சந்தோஷம்? அவளுடையதா, அவர் முகத்தில் அவள் பார்த்ததா? அந்த இல்லத்துக்குச் சம்மதம் என்கிறாளா, இந்த வீட்டைச் சொல்கிறாளா? ஒன்றும் விளங்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பத்தியை அவளிடம் கேட்டு நிரப்பியதில்லை என்பது மட்டும் விளங்கியது.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டார்.

சிந்தா அவரைப் பார்க்கவில்லை. ரெஜிஸ்டரை அவர் மடியிலிருந்து எடுத்தாள். பேனா உள்ளேயே இருக்க, அதை மூடினாள்.

"நங்கூரத்தைப் போடு" என்றாள்.

அதற்கு அர்த்தம் பார்க்க அவருக்கு ரெஜிஸ்டர் தேவைப்படவில்லை.